பிள்ளை தூங்கட்டும், காது பார்க்கலாம்

கைக்குழந்தையைத் தூங்க வைத்து அலுத்துப்போன தாய்மார்களே, என் பிழைப்பே அதில்தான் ஓடியது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், செங்கல்பட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பது என் வேலை. காதில் சின்ன ரப்பர் முனையைச் செருகினால், மெஷின் மெல்லிய ஒலி அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். குழந்தை அழவோ அசையவோ கூடாது. ஆகவே ஃபேனை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, பால் வாசனைக்கு நடுவே உட்கார்ந்திருப்போம். அந்த மத்தியானங்களில் நானே தொட்டிலில் கிடப்பதுபோல் இருக்கும்.

முதலில் தூங்கியவர்

பொத்தேரியில் மெஸ் வைத்திருந்த ஒருவர், மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டத் தட்ட அவர் மனைவி தூங்கினாள், அவரும் தூங்கினார், எனக்கும் கண் சொக்கியது. திடுக்கிட்டு விழித்தால், குழந்தை மட்டும் எங்களைக் கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பேசாம அந்த மெஷின எனக்கு வெச்சுடு மேடம், நான் பாசாயிடுவேன்."

எண்ணெய்

பிறந்த உடனே காதில் அழுக்கு அடைத்திருந்தால் மெஷின் பாஸ் போடாது. பிறகு ஒருமுறை வரச் சொல்லுவோம். அப்படி மறுபடி வந்தார் நெம்மேலி மீனவர் ஒருவர். இந்தத் தடவை பையன் தேறியே ஆக வேண்டுமென்று, இரண்டு காதிலும் வெதுவெதுப்பாகத் தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவந்திருந்தார்! முனை வழுக்கிக்கொண்டே போனது. இப்படிச் செய்யலாமா என்று கடிந்துகொண்டேன். "போட்டு எஞ்சினுக்கே ஆயில் வுட்டாதான மேடம் ஸ்டார்ட் ஆவுது?"

சமத்து

மாமல்லபுரத்தில் சிலை செதுக்குபவரின் மனைவி செல்வி. அவள் மகன் வரும்போதே தூங்கிக்கொண்டு வந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். அப்போது ஆயாம்மா கைதவறித் தட்டைக் கீழே போட்டார். நாங்கள் எல்லோரும் துள்ளினோம். அவன் இமைகூட அசையவில்லை. "வூட்டாண்ட நாள் பூரா கல்லு அறுத்துகினே இருப்பாங்கக்கா. இவன் அசைய மாட்டான், சமத்து" என்றாள் செல்வி. நான் அவசரமாக முனையை எடுத்து அவன் காதில் செருகினேன்.

மெஷின் இரண்டு காதுக்கும் பாஸ் போடவில்லை. மறுமுறையும் அப்படியே. சென்னைக்கு அனுப்பிப் பெரிய பரிசோதனை செய்ததில், கேட்கவில்லை என்பது உறுதியானது. செல்வி அழக்கூட இல்லை, குழந்தையின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். சீக்கிரம் தெரிந்ததால் கருவி வைத்தால் பேச்சும் வரும் என்று சொன்னேன். வர வேண்டுமே என்று எனக்குள் ஒரே பயம்.

சில மாதங்கள் கழித்து, இரண்டு காதிலும் கருவியோடு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். தூக்கமில்லாமல் அவள் கண்கள் சிவந்திருந்தன, முகமெல்லாம் சிரிப்பு. "இத்த மாட்டுனா தூங்கவே மாட்டேன்றான்க்கா. உளி சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு திரும்பித் திரும்பிப் பாத்துகினே கீறான்."

அத்தனை வருட வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே சாதனை, ஒரு சமத்துப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்ததுதான்.