நடையும் குப்பைப் பையும்

பக்கத்து வீட்டு மொனிக் ஓடுவாள், நிற்பாள், குனிவாள், மறுபடி ஓடுவாள். முதல் நாள் எதையோ தொலைத்துவிட்டாளாக்கும் என்று நானும் சேர்ந்து நிலத்தில் தேடினேன். பிறகுதான் அவள் கையிலிருந்த பையைக் கண்டேன். உள்ளே ஆட்கள் எறிந்துவிட்டுப் போன கோப்பிக் கோப்பைகள், வெறும் கேன்கள். உடம்புக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது என்று பிரெஞ்சு கலந்த, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, எனக்கும் ஒரு சோடி கையுறை தந்தாள்.

சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அதுவரை பஸ் ஓடும் பெருந்தெருவால்தான் நடந்தேன். ஆளரவம் உள்ள இடம்தானே பாதுகாப்பு. புகையைக் குடித்து, இருமிக்கொண்டு வீடு திரும்புவேன். எங்கள் பகுதியான அஹுன்ட்சிக்கின் ஆற்றங்கரையில் மொனிக்கோடு நடக்கத் தொடங்கியபின் இருமலும் குறைந்தது, சீனியும் இறங்கியது. அதைவிட, கதைக்க ஓர் ஆள் கிடைத்தது. ஆனாலும் குனியும்போதெல்லாம் மனம் கூசும். யாழ்ப்பாணத்தில் விடிய எழும்பி முற்றத்தைப் பளிச்சென்று கூட்டுவோம். குப்பையை வேலிக்கு வெளியே தள்ளியதோடு எங்கள் வேலை முடிந்தது. ஒழுங்கையில் கிடப்பதை யார் கையால் தொட்டார்கள்?

ஒரு ஞாயிறு, கோயிலில் பழக்கமான செல்வமலரின் கார் எங்களருகே மெதுவாகி, ஹோர்ன் அடிக்காமலே போனது. பின்னேரம் அவள் எங்கள் வாசலில் நின்றாள், இரண்டு பெரிய பைகள் நிறைய வெறும் கேன்களோடு.

"அக்கா, குறை நினையாதேங்கோ. வீட்டில சும்மா கிடந்தது. கடையில குடுத்தால் காசு தருவினம்."

"ஐயோ பிள்ளை, அது எக்சர்சைஸ்!"

"ஓம் ஓம், எனக்கு விளங்குது" என்று என் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இனி நீ அங்கால போக வேண்டாம். சனம் என்ன கதைக்கும்?" என்றார் இவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காலையில் மொனிக் கதவைத் தட்டினாள். வாசலில் கிடந்த பைகளைக் கண்டதும் "ப்ராவோ!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். அவ்வளவையும் நான் தனியாகப் பொறுக்கினேன் என்று நினைத்துவிட்டாள். நேற்றுச் செல்வமலரிடம் இல்லை என்று சொன்னேன், அவள் நம்பவில்லை. இன்று மொனிக்கிடம் இல்லை என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. இவர் முறைத்துப் பார்த்தார். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

ஆற்றங்கரையில் ஒரு கேனை எடுத்து நிமிர்ந்தபோது, பக்கத்தில் ஒரு கார் வேகம் குறைத்தது. மொனிக் தன் பையை உயர்த்திக் காட்டினாள். நான் கேன் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து, மற்றக் கையை ஆட்டினேன். தமிழராயிருந்தால் ஒளித்தது சரி. இந்த ஊர்க்காரராயிருந்தால் ஒளிக்கவே தேவையில்லை. கார்க் கண்ணாடிக்குள் யாரென்று தெரியவில்லை. கேனில் மிஞ்சியிருந்த சோடா என் சப்பாத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.