நீங்க எந்த எஸ்டேட்டு?

கைப்பேசி மணி அடித்ததும் லோகேஸ்வரன் முதலில் எழுந்து மின்விசிறியை நிறுத்துவான். பிறகு சன்னலைச் சாத்துவான். அதற்குப் பிறகுதான் போனைக் காதில் வைப்பான். எதிர்முனையில் பேசுகிறவர் சொல்வது அவனுக்கு இரண்டாம் பட்சம். அவருக்குப் பின்னால் என்ன கேட்கிறது என்பதைத்தான் கவனிப்பான். உண்மையான அலுவலகத்தில் யாராவது இருமுவார்கள், நாற்காலி இழுபடும், பிரிண்டர் கரகரக்கும். ஒன்றுமே கேட்காவிட்டால் அவனுக்குப் பயம். ஒரே பேச்சைப் பல குரல்கள் பேசுவது கேட்டால் அதைவிடப் பயம்.

"வேர்த்து ஊத்துது லா. வேலை கெடைக்கறதுக்குள்ள நீங்க கரைஞ்சி போயிருவீங்க," என்பாள் மனைவி துளசி. பாசிர் பெனாம்பாங்கில் ஒரு கடலுணவுக் கடையில் அவள் இறால் உரிக்கிறாள். இப்போதைக்கு அந்த வீட்டில் இருக்கும் ஒரே வேலை அதுதான்.

லோகேஸ்வரனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஈஜோக் பக்கம் மரச்சாமான் கிடங்கு ஒன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். கிடங்கை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் கைப்பேசியில் வேலை விளம்பரங்கள் நிரம்பி வழிகின்றன. உடனடி வேலை, தங்குமிடம் இலவசம், அனுபவம் தேவையில்லை. கடைசி வரியைப் படிக்கும்போதெல்லாம் அவன் முகம் சுருங்கும். "பதினாறு வருசம் ஓட்டியிருக்கேன். அனுபவமே வேணாம்னு சொல்றவனுக்கு நான் எதுக்கு?" என்பான்.

போனைப் பற்றிய அந்தப் பயம் பக்கத்து வீட்டு பவனேஷிடமிருந்து வந்தது. சம்பளம் போடத்தான் என்று ஓர் ஏஜென்ட் கேட்க, பவனேஷ் தன் பேங்க் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்தான். வேலை வரவில்லை, போலீஸ் வந்தது. யாரையோ ஏமாற்றிய பணம் அவன் கணக்கின் வழியாகப் போயிருந்தது. இப்போது அவன் கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைகிறான். "வேலை இல்லன்னா பசி மட்டுந்தான். கார்டு போச்சின்னா கேஸு," என்று லோகேஸ்வரன் அடிக்கடி சொல்வான், யாரும் கேட்காதபோதும்.

ஆனாலும் சந்தேகம் எங்காவது ஓரிடத்தில் இறங்கி உட்கார்ந்தாக வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டிருக்க யாராலும் முடியாது. லோகேஸ்வரனின் சந்தேகம் உட்காருவதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறது. பேசுகிறவர் தமிழர் என்றால் கேட்டுவிடுவான்: "நீங்க எந்த எஸ்டேட்டு?" கோலாலம்பூர் என்று பொதுவாகச் சொல்லி நழுவுகிறவர்களிடம் அதற்குமேல் பேச மாட்டான். தோட்டத்தின் பெயர், டிவிஷன், கோயில் எந்தப் பக்கம் என்று தடுமாறாமல் சொல்கிறவர்கள் நம்மவர்கள். இதில் எங்கே ஓட்டை என்று அவன் யோசித்ததில்லை. யோசித்தால் நம்புவதற்கு மிச்சம் ஒன்றுமில்லை.

போன வாரம் தனேஸ்வரி என்ற பெண் அழைத்தாள். செகிஞ்சானில் அரிசிக் கிடங்கு, போர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் தேவை. பின்னணியில் பிரிண்டர் கேட்டது, யாரோ சிரித்தது கேட்டது. வழக்கமான கேள்வியைக் கேட்டான். அவள் சொன்னது அவன் பிறந்த தோட்டம். அவனும் அதைச் சொல்லிவிட்டான்.

"ரெண்டாவது டிவிஷன். மண்டோர் சன்னாசி பேத்தி நான். அப்ப நீங்க எனக்கு மாமா முறை லா!"

தோட்டத்தில் கங்காணியாக இருந்த மண்டோர் சன்னாசியை அவனுக்குத் தெரியும். காய்ச்சலோடு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்த அவன் அப்பாவை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, அன்றைக்கு முழுநாள் கூலிக்கு முழுப்பேர் போட்டவர். லோகேஸ்வரன் மேற்கொண்டு எதுவும் விசாரிக்கவில்லை.

கோலசிலாங்கூரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். சுவரில் முருகன் படம், ஊதுவத்தி வாசம். அவன் பக்கத்து நாற்காலியில் சுங்கை ஆயர் தாவாரிலிருந்து துப்புரவு வேலைக்காக வந்திருந்த சின்னத்தாய் என்ற அம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். தனேஸ்வரி மைலோ கலக்கிக் கொடுத்தாள். தாத்தாவின் கோபத்தைப் பற்றி ஒரு கதை சொன்னாள். லோகேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கேட்டாள்.

"பேங்க் கார்டு வெச்சிட்டுப் போங்க மாமா. சம்பளம் அதுலதான் போடுவோம். பின் நம்பர் இந்தத் தாள்ல எழுதிருங்க."

அவன் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தான். வைத்த பிறகுதான் கை செய்ததை மனம் பார்த்தது. நம்பர் மறந்துவிட்டது, மனைவியிடம் கேட்டு வருகிறேன் என்று மாடிப்படிக்கு வந்து துளசியை அழைத்தான்.

"கார்டு இப்ப எங்க இருக்கு?"

"மேசை மேல."

"போயி எடுங்க."

"எப்படிடி எடுக்கறது? சன்னாசி மண்டோர் பேத்தி. என்ன நெனைக்கும் அந்தப் புள்ள?"

"சன்னாசி தாத்தா என்ன பேங்கா வெச்சிருந்தாரு? பவனேஷ் பொண்டாட்டி அழுதத நானும் நீங்களும்தான கேட்டோம்? எடுத்துக்கிட்டு வந்து சேருங்க." இறாலைத் தண்ணீரில் கொட்டும் சத்தத்தோடு போன் நின்றது.

படிக்கட்டிலேயே நின்றான். தனேஸ்வரி உண்மையாகவே நல்லவளாக இருந்துவிட்டால்? செகிஞ்சானில் உண்மையாகவே ஒரு கிடங்கு இருந்து, போர்க்லிஃப்ட் ஒன்று ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தால்? ஏமாற்றுக்காரியாக இருப்பதைவிட நல்லவளாக இருப்பதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

உள்ளே போய்க் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"மன்னிச்சிக்கம்மா. நம்பர் நான் தர மாட்டேன்."

தனேஸ்வரியின் முகத்தில் கோபம் இல்லை. "தாத்தா இருந்திருந்தா வருத்தப்பட்டிருப்பாரு மாமா. சொந்தத்தையே நம்பலன்னா வேற யாரத்தான் நம்புவீங்க?"

அவன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். வாசல்வரை போனான்.

"என்ன தம்பி, ஒனக்கு வேலை வேணாமா?" சின்னத்தாய் தலை நிமிராமல் கேட்டாள். கைப்பையிலிருந்து அவளுடைய கார்டு வெளியே வந்திருந்தது. பேனாவைத் திறந்து தாளை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

தெரியாத அம்மாள். கத்திச் சொல்ல அவனிடம் சாட்சியும் இல்லை, துணிவும் இல்லை. தனேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரன் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல் கையை நீட்டி, சின்னத்தாயின் கார்டின்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து அப்படியே அழுத்திக்கொண்டான்.