ஒலிக்குப் பூஜ்யம்

இந்த விவகாரம் தொடங்குமுன் என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்கிறேன். வேதியியலில் பட்டம் பெற்றவன். திருவொற்றியூரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் தரப் பரிசோதனை அதிகாரி. என் கையொப்பம் இல்லாமல் அங்கிருந்து ஒரு பீப்பாய்கூட வெளியே உருண்டதில்லை. ஓய்வுக்குப் பின் கணினி வாங்கினேன். தமிழ்க் கணினி மாத இதழ் ஒன்றில் வந்த விளையாட்டு மதிப்புரைகளின் பிழைகளைச் சுட்டி நான் எழுதிய கடிதங்களைக் கண்டு, ஆசிரியர் அப்பகுதியையே என்னிடம் ஒப்படைத்தார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை.

மற்ற இதழ்கள் நட்சத்திரம் போட்டன. நான் பரிசோதனைத் தாள் போட்டேன்: காட்சிக்கு இருபது, ஒலிக்கு இருபது, ஆட்டத்துக்கு அறுபது. இல்லாததற்கு மதிப்பெண் இல்லை என்பது தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்த விதி.

அவற்றுள் ஓராண்டில் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய கிரிக்கெட் விளையாட்டுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று கொடுத்தேன். ஒலிக்குப் பூஜ்யம். ‘சதம் அடித்தாலும் மைதானம் இழவு வீடு போல் இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

இதழ் வெளியான வாரமே ஆறு கடிதங்கள் வந்தன. எண்ணூர், பெரம்பூர், இராயபுரம் என்று முகவரிகள் வேறு வேறு. எல்லாம் ஒன்றையே சொல்லின: நான் அந்த விளையாட்டை ஆடவே இல்லை, ஆடாமலேயே மதிப்பெண் போட்டேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆறும் ஒரே கையெழுத்து. ஆறிலும் தண்டையார்பேட்டை அஞ்சல் முத்திரை. யாரோ ஒருவர் ஆறு பேராக வேடமிட்டு என் கையொப்பத்தின் மதிப்பைக் குலைக்க முற்படுகிறார் என்று முடிவு செய்தேன். என் சந்தேகம் அதே தண்டையார்பேட்டையில் டோல்கேட் அருகில் பிரௌசிங் சென்டர் நடத்திய அண்ணாச்சி மீது விழுந்தது. எனக்குக் குறுந்தகடு கொடுத்தவர் அவர்தான். வேண்டுமென்றே பழுதான தட்டைத் தந்திருப்பாரோ என்றும் எண்ணினேன்.

கடிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு அங்கே போனேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். கடிதங்களை மேசையில் பரப்பி, எழுதியது யார் என்று கேட்டேன். கிரேன்காரர் தயங்கவில்லை.

“நான்தான் நைனா. இங்க ஆட வர்ற பசங்களுக்கு எழுத வராது. அதுங்க சொல்லிச்சி, நான் எழுதினேன். சொன்னது இன்னா, பொய்யா? முட்டை போட்டீயே, இத்த கேளு.”

தம் ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். கூட்டத்தின் ஆரவாரம், அதன்மேல் வர்ணனையாளரின் குரல். என் வீட்டில் நான் ஒருபோதும் கேட்டிராத ஒலிகள்.

“ஊமை மேட்ச்சு ஆடிகினு எங்களுக்கு மார்க் போட்டீயா?” என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அண்ணாச்சியைப் பார்த்து, எனக்கு ஏன் வேறு தட்டு தரப்பட்டது என்று வினவினேன். அவர் கல்லாவைவிட்டு எழாமலே சொன்னார்: “ஐயா, முழு ஆட்டம் ரெண்டு சிடி. ஒங்க மிசின்ல எடம் பத்தாது, ஒண்ணுல அடங்குறதா குடுன்னு நீங்கதான கேட்டிய? அடங்கணும்னா சத்தத்த வெட்டித்தான் போடுவாவ.”

நான் கேட்டது உண்மை. அந்தக் காலத்தில் அத்தகைய சுருக்கப் பிரதிகள் எங்கும் கிடைத்தன. எதை வெட்டிச் சுருக்கினார்கள் என்று உறையில் எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் மாதிரி முழுமையானதா என்று பாராமல் பரிசோதிக்கக் கூடாது என்பதைத் தொழிற்சாலையில் பிறருக்கு விதித்தவன் நான். அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. அங்கேயே அமர்ந்து, அவர்கள் பார்த்திருக்க, முழுப் பிரதியை இரண்டு மணி நேரம் ஆடினேன். யாரும் எனக்குச் சலுகை காட்டவில்லை. ஏழு முறை ஆட்டமிழந்தேன். வர்ணனையாளர் அதே மூன்று வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த இதழில் காரணத்தையும் எழுதி, ஒலிக்குப் பன்னிரண்டு கொடுத்தேன்.

டோல்கேட் பக்கம் இன்றும் சிலர், அன்று சூழ்ந்து மிரட்டி என்னிடம் எண்பது வாங்கியதாகச் சொல்லித் திரிகிறார்கள். யாரும் மிரட்டவில்லை. மதிப்பெண் எண்பது அல்ல, ஐம்பத்து மூன்று.