மாடிவீட்டு ஹாஃப்பேக்

திருச்சி தென்னூரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு டென்மார்க்காரர் ஏறக்குறைய ஒரு வருடம் குடியிருந்தார் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அம்மா கதை விடுகிறாள் என்று சிரிக்கிறார்கள். அவருக்கு நான் செய்த காரியத்தைச் சொன்னால் உடனே நம்பிவிடுவார்கள். அதனால்தான் சொல்வதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். ஊருக்கு வடக்கே ஒரு சிமெண்ட் ஆலையில் புதிய சூளை பொருத்துவதற்காக அவர் கப்பலேறி வந்திருந்தார். அந்த ஆலையின் திருச்சி ஆபீசில் சித்தப்பா குமாஸ்தா. வெள்ளைக்காரருக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு சித்தப்பா தலையில் விழுந்தது. அவர் நாலு தெரு அலைந்துவிட்டு எங்கள் மாடியையே காட்டிவிட்டார். மேலே என்னத்தைச் சமைப்பாரோ என்று அம்மா முதல் வாரம் முழுக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே நடமாடினாள். ரொட்டி, பால், வாழைப்பழம் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அதே அம்மா இரக்கப்பட்டு ரசம் அனுப்ப ஆரம்பித்தாள். தூக்குச் சட்டியை மாடிக்கு எடுத்துக்கொண்டு போவது என் வேலை.

நாற்பதை நெருங்கிய மனிதர். முன்மண்டையில் முடி கிடையாது. இங்கிலீஷ் அவருக்கும் கற்றுக்கொண்ட பாஷைதான் என்பதால் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசுவார். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் பேசுவதைவிட அது எனக்கு நன்றாகவே புரிந்தது. தெருவில் எல்லோரும் அவரைத் தொரை என்றார்கள். தான் இங்கிலீஷ்காரர் இல்லை என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு அந்த வித்தியாசம் கடைசிவரை பிடிபடவில்லை.

சித்தப்பா தென்னூர் கால்பந்து டீமுக்கு கேப்டன். டீம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ் குமாஸ்தா, பீடி மண்டிக்காரர் மகன், தையல்காரர், ரயில்வே பிட்டர் என்று பதினொரு பேர் சாயங்காலம் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடுவார்கள். ஒருநாள் டென்மார்க்காரரும் கூடப் போய்க் கோட்டுக்கு வெளியே நின்றார். பந்து அவர் பக்கம் உருண்டு வந்தது. அவர் அதைக் காலால் நிறுத்தி, யாரையும் பார்க்காத மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். அது நாற்பது கஜம் தாண்டித் தையல்காரர் காலடியில் போய் நின்றது. தையல்காரருக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. மறுநாளிலிருந்து டென்மார்க்காரர் எங்கள் டீமில் ஆடினார். மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடும்போது தான் மட்டும் பூட்ஸ் போடக்கூடாது என்று அவரும் அதைக் கழற்றி வைத்தார். பாதம் கொப்புளித்துப் போக, அம்மா மஞ்சள் அரைத்துக் கொடுத்த பிறகு கான்வாஸ் ஷூவுக்கு இறங்கி வந்தார்.

அவர் ஆடியது ஹாஃப்பேக். முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் நடுவில் நிற்கிற இடம். அவர் கிட்டப் போன பந்து தப்பான இடத்துக்குப் போகவே போகாது என்று சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில் உருகுவார். எனக்கு அதில் பெரிய ஏமாற்றம். அத்தனை தூரம் கடல் கடந்து வந்த மனிதர் ஒரு கோல் கூடப் போடவில்லை. பந்தை வாங்குவார், கொடுப்பார். கோல் போடுகிறவன் தோளில் ஏறும்போது இவர் நடுவில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ரசம் கொண்டுபோனபோது ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றைக் காட்டினார். இத்தாலி பாஷையில் அச்சாகியிருந்தது. நடுவில் படம். கோடு போட்ட சட்டையும், தலை நிறைய முடியுமாக அவரேதான். இத்தாலியில் நாலு வருடம் சம்பளத்துக்குப் பந்து ஆடினாராம். அதுதான் அவருக்கு உத்தியோகமாம். காசு வாங்கி ஆடியவர்களை அவருடைய நாட்டில் மறுபடி தேசத்து டீமில் சேர்க்க மாட்டார்களாம். ஊருக்குத் திரும்பிப் போய்ச் சின்ன வயதில் ஆடிய கிராமத்து டீமிடம் கேட்டாராம். அவர்களும், வேண்டுமானால் வெளியே நின்று பார், உள்ளே வராதே என்றார்களாம். இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். எனக்குக் காதில் ஏறியது இரண்டே விஷயம். பேப்பரில் படம் வந்திருக்கிறது. ஆடியதற்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கீழே வந்து சித்தப்பாவிடம் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"பாப்பா, அந்த டின்ல இருக்கிறதப் பத்தி வெளில யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நம்ம டீம் சேர்ந்திருக்கிற டோர்னமெண்ட் பாரத்துல காசு வாங்கி ஆடினவங்க சேரக்கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. நான் படிக்காத மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன்."

"சொல்லல சித்தப்பா" என்றேன். தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த டோர்னமெண்டில் காசு வாங்காமல் ஆடியவர்கள் யார் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முக்கியமான மேட்ச் என்றால் தஞ்சாவூரிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் நல்ல ஆட்டக்காரர்களை அழைத்து வருவார்கள். மேட்சுக்கு முன்னால் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள் கவர் வைத்து, துண்டு போர்த்தி நீட்டுவார்கள். தட்டில் வைத்துக் கொடுத்தால் அது கூலி இல்லை, மரியாதை. தென்னூர் செமிபைனலில் ஜெயித்தபோது டென்மார்க்காரருக்கும் ஒரு தட்டு நீட்டினார்கள். அவர் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒரு வெற்றிலையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பைனலில் எங்களுக்கு எதிராக ஸ்ரீரங்கம் டீம். அங்கேதான் அத்தையைக் கொடுத்திருந்தது. மாமாவுக்கு ராஜகோபுரத்துப் பக்கம் பாத்திரக்கடை. ஸ்ரீரங்கம் டீமுக்கு அவர்தான் செக்ரட்டரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவும் நானும் பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போவோம். அத்தை மகன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். வாய் சும்மா இருக்காது.

"உங்க தொரைய செமிபைனல்ல பாத்தேன். ஒரு கோலாவது போட்டாரா? நடுவுல நட்டு வச்ச கல்லு மாதிரி நிக்கிறாரு. அவரு புட்பாலே ஆடினதில்லைன்னு எங்க டீம்ல எல்லாரும் பேசிக்கிறாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் மனதுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு காலை ரசத்தோடு மாடிக்குப் போனேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். டின்னைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து என் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலமே திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்கு.

அத்தை மகன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவர்தான் என்று ஒத்துக்கொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், கடையிலிருந்து சாப்பிட வந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"யாரும்மா இது, உங்க வீட்டு மாடிக்காரரா? பேப்பர்ல எல்லாம் வந்திருக்காரே. சும்மாவா ஆடினாரு அங்க?"

"சும்மா இல்ல மாமா. மாசாமாசம் சம்பளம். நாலு வருஷம். அங்க அவருக்கு அதுதான் வேலையே."

மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். எவ்வளவு சம்பளம் என்றார். எனக்குத் தெரியாது. அதனால் கலெக்டர் சம்பளத்தைவிட அதிகம் என்றேன். வீடும் காரும் கொடுத்தார்கள் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அத்தையைக் கூப்பிட்டுப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார். சித்தப்பா சொன்னது எனக்கு மறந்துபோய்விட்டது என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். மறக்கவில்லை. பேச்சின் நடுவில் நன்றாகவே ஞாபகம் வந்தது. மூன்று பேர் என் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த சுகத்தில் மேலே பேசிக்கொண்டே போனேன்.

"ரெண்டு நாள் இருக்கட்டும்மா, பாத்துட்டு நானே கொண்டாந்து தரேன்" என்று மாமா அந்தத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நானும் சரி என்றேன்.

பைனல் அன்று மைதானத்தில் ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். மேட்ச் தொடங்குவதற்கு முன் எழுத்தில் ஆட்சேபம், அதாவது புரொட்டஸ்ட், கொடுத்தால் கமிட்டி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மாமா ஒரு காகிதத்தைக் கமிட்டித் தலைவர் முன்னால் வைத்தார். அதோடு குண்டூசி குத்திய பேப்பர் துண்டு. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா விடவில்லை. "ஐயா, அவங்க சென்டர் பார்வர்டுக்கு நேத்து தஞ்சாவூர்லயே தட்டு வச்சுக் கூட்டியாந்தாங்களே, அது என்னங்க?"

தலைவர் ரிட்டயர் ஆன தாசில்தார். "அது மரியாதை தம்பி. இது சம்பளம்னு எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா? சரி, இந்தப் படத்துல இருக்கிறது இவர்தானா? முடியெல்லாம் இருக்கே. இதுல என்ன எழுதியிருக்குன்னு யாருக்காவது படிக்கத் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. இத்தாலி பாஷை தெரிந்தவர்கள் அன்றைக்குத் திருச்சியில் சர்ச்சில்தான் இருந்திருப்பார்கள். இல்லை என்று டென்மார்க்காரர் தலையாட்டினால் போதும், ஆட்டம் நடந்துவிடும். நான் முன்னால் போனேன்.

"அது அவரு இல்லைங்க. அவரோட தம்பி. எனக்குத் தெரியும், என்கிட்ட சொல்லியிருக்காரு."

மாமா என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கவில்லை. பச்சைப் பிள்ளையிடம் பாயசம் கொடுத்துக் கறந்த சங்கதியைச் சபையில் சொல்ல அவருக்கும் கூச்சமாக இருந்திருக்கும். டென்மார்க்காரர் நான் என்ன சொன்னேன் என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் குனிந்து அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் அவர் காட்டியது எனக்கு மட்டும்தான்.

"குழந்தைக்குச் சரியாகத் தெரியாது. எனக்குத் தம்பி இல்லை. அது நான்தான்" என்றார் தலைவரிடம். பெஞ்சில் உட்கார்ந்து கான்வாஸ் ஷூவைக் கழற்றினார்.

அந்தத் துண்டு எப்படி ஸ்ரீரங்கத்துக்குப் போனது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாமா எங்கள் வீட்டுக்குள் ஆள் வைத்து வேவு பார்த்துவிட்டார் என்றே சித்தப்பா முடிவு கட்டினார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. அத்தை நாலு தீபாவளிக்குப் பிறந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதிரசம் தின்பேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த அதிரசத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஆனால் அன்றைய மேட்சைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் இல்லாத நடுவிடத்தில் பீடி மண்டிக்காரர் மகன் ஆடினான். நாலு கோல் வாங்குவோம் என்று எல்லோரும் பயந்தார்கள். ஒன்றும் வாங்கவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் தையல்காரர் உதைத்த பந்து ஒருவன் முதுகில் பட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டது. விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் முழுவதும் இறங்கிவிட்டது. ஜெயித்தாயிற்று, இனிமேல் நான் செய்ததில் தப்பு என்ன இருக்கிறது?

டென்மார்க்காரர் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் ஷூ. எல்லோரும் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியும் அவர் தாண்டவில்லை. அவரைச் சமாதானப்படுத்த வேண்டியது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உரக்கச் சொன்னேன்.

"பார்த்தீர்களா, நீங்கள் இல்லாமலே ஜெயித்துவிட்டோம்."

அவர் வழக்கம்போல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"ஆமாம். என் நாட்டுக்காரர்களும் அப்படித்தான் ஜெயித்தார்கள். ஒரு பெரிய போட்டி. நான் அப்போது இத்தாலியில் இருந்தேன். ரேடியோவில் கேட்டேன்."

அப்படியானால் இது அவருக்குப் பழகிப்போன விஷயம்தான் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவரை அங்கேயே விட்டுவிட்டு, கூட்டத்தில் சித்தப்பாவைத் தேடிக்கொண்டு ஓடினேன்.