இரண்டு பேர் வீட்டில் ஒரு கல்யாண மிஷின்

1. பகலில் ஒரு திறப்பு விழா

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் கரண்ட் இல்லாத நேரம் பார்த்து மின்சார மிஷினுக்குத் திறப்பு விழா வைத்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் நிறையப் படித்தவன் என்று தோட்டத்தில் பெயர் வாங்கியிருந்த காலத்தில்.

எண்பதுகளின் தொடக்கம் அது. லிங்கி பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசர். டாக்டர் எப்போதாவது மோட்டார் காடியில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மருந்து கலப்பது, பால்வெட்டுக் கத்தி பட்ட காயத்தைத் தைப்பது, வயிற்றுவலி என்று வருகிறவனுக்கு வலி வயிற்றிலா வேலையிலா என்று கண்டுபிடிப்பது, எல்லாம் என் பொறுப்பு.

மருந்து எடுக்கச் சிரம்பான் போன இடத்தில், ஒரு கடை வாசலில் ஃபுட் புரோசசரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் முழு முட்டைக்கோசை உள்ளே தள்ளினாள். அது நூல் நூலாக வந்து விழுந்தது. நான் நின்றேன். "இது ஹோட்டல் சைஸ், டாக்டர். இதுக்கு மேல பெருசு இல்ல" என்றார் கடைக்காரச் சீனர். என்னை டாக்டர் என்று கூப்பிட்ட எந்தக் கடையிலிருந்தும் நான் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். நானும் என் மனைவி பாக்கியமும். பிள்ளைகள் இல்லை. முக்கால் வாளி கொள்ளளவுள்ள கிண்ணம் எங்களுக்கு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "மேசை தாங்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம் எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியையும் அவர் மனைவியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். தோட்டத்து ஆபீஸ் முழுக்க அவர் கையில். அவர் பார்த்தால் எல்லோரும் பார்த்த மாதிரி. மிஷினை மேசை நடுவில் வைத்து, இது பிளேடு, இது சீவுகிற தட்டு, மூடி 'கிளிக்' என்று பூட்டாவிட்டால் ஓடாது, விரல் போகாது, பாதுகாப்பு என்று உடற்கூறு வகுப்பு எடுத்தேன். பிறகு தேங்காய்ப் பத்தைகளை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஓடவில்லை. மூடியைக் கழற்றிப் பூட்டி மறுபடி அழுத்தினேன். வியர்த்தது.

"டிரெசர்," என்றார் பெரிய கிராணி, நாற்காலியில் சாய்ந்தபடி. "இஞ்சின் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் லா ஓடும்."

தோட்டத்துக்கு வெளிக்கரண்ட் இல்லை. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த டீசல் இஞ்சின் காலையில் வேலைக்குக் கிளம்பும் வரை கொஞ்ச நேரமும், சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரையும் ஓடும். பல வருஷமாக அந்த நேரப்படிதான் நான் குளித்து, சாப்பிட்டு, படித்து, தூங்கிக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நின்ற அரைமணி நேரத்தில் அது மறந்துவிட்டது.

பாக்கியம் தேங்காயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அம்மியில் அரைத்து வந்தாள். "மிஷின்ல அரைச்சதுன்னு நெனச்சிக்கிட்டு சாப்பிடுங்க" என்றாள் விருந்தாளிகளிடம்.

2. சாமிக்கண்ணு வந்தார்

அன்று சாயங்காலமே ஓட்டினேன். மாட்டை மிதித்த மாதிரி ஒரு முனகல். எங்கள் வீட்டு பல்ப் பழுத்த எலுமிச்சை நிறத்துக்குப் போனது. கீழே எங்கள் வயரிலேயே கரண்ட் வாங்கும் கடைசி லயத்தில் பத்து வீட்டு விளக்கும் அதே நிறம். பால்மரம் வெட்டும் குடும்பங்கள் இருந்த அந்த வரிசையில்தான் சத்தம் கிளம்பியது.

கொஞ்ச நேரத்தில் இஞ்சின் டிரைவர் சாமிக்கண்ணு சைக்கிளில் வந்து இறங்கினார். கையெல்லாம் கிரீஸ்.

"ஐயா, வீட்ல என்னா ஓடுது? வெல்டிங்கா?"

"தேங்காய்ச் சட்னி."

மேசை மேல் இருந்த மிஷினைக் குனிந்து பார்த்தார். "நம்ம இஞ்சின் வெள்ளக்காரன் காலத்துது. வெளக்குக்குன்னு வச்சது. இதுக்குத் தாங்காது ஐயா. நானும் புள்ளகுட்டிக்காரன்."

"சரி, இனிமேல் ஓட்ட மாட்டேன்."

"நல்லது. சட்னி இருந்தா கொஞ்சம் குடுங்க, சோத்துக்கு ஆவும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மிஷினுக்குப் பாக்கியம் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்தாள். அதன் தலையில் பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி ஏறியது. விருந்தாளிகள் ரேடியோ என்று நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

3. ஒரு ஆளுக்கு அரைப்பது

பாக்கியம் வெற்றிலை போடுவாள். புகையிலையும் உண்டு. கன்னத்தின் உட்பக்கத்தில் வந்த புண் ஆறாமல், சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, தாடையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். இதை இதற்கு மேல் நீட்டி எழுத எனக்குத் தெம்பில்லை.

அங்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆனால் இப்போதிருக்கிற உடம்பு மயக்க மருந்தைத் தாங்காது. எடை ஏற வேண்டும். மெல்ல முடியாது, எல்லாவற்றையும் நார் இல்லாமல், கட்டி இல்லாமல் மை போல அரைத்துக் கொடுங்கள். எடை ஏறினால் அறுக்கலாம். ஏறாவிட்டால், என்று நிறுத்திக்கொண்டு பேனாவை மூடினார். நானும் பல பேர் வீட்டாரிடம் அந்த இடத்தில்தான் நிறுத்துவேன்.

வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் ரோஜாவை இறக்கிவைத்தேன். அம்மியில் அரைத்தால் கல்தூள் சேர்ந்து புண்ணில் உறுத்தும் என்று எனக்குப் பயம். இதற்குத்தான் இந்த மிஷின் என்று ஆகிவிட்டது. சாமிக்கண்ணுவிடம் போய்ச் சொன்னேன். அவர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எத்தன மணிக்கு வேணும்?" ஆறரைக்கு என்றேன். "ஓட்டுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

இப்போது டிரெசர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் விஷயம். பெரிய புரோசசரில் ஒரு ஆளுக்கு அரைக்க முடியாது. ஒரு கைச் சோற்றைப் போட்டால், பிளேடு அதைச் சுவரில் எறிந்துவிட்டு வெறுமனே சுற்றும். கிண்ணத்தில் பாதியாவது நிரம்ப வேண்டும். ஆகவே ஒருத்தி சாப்பிட ஆறு பேருக்குச் சமைத்தேன். சோறு, மீன், கீரை, பருப்பு, கொஞ்சம் நெய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரே ஓட்டு. சத்துக் கணக்கில் குறையே இல்லை. நிறம் மட்டும் மழைக்காலத்து லிங்கி ஆறு.

பாக்கியம் ஒரு கரண்டி வாங்கினாள். பேச்சு குழறும், ஆனால் பழகிய காதுக்குப் புரியும்.

"இது சோறா, பசையா?"

"எல்லாம் இருக்கு பாக்கியம். மீன்கூட இருக்கு."

"இருக்கும். இதத் தடவி எலக்‌ஷன் நோட்டீசு ஒட்டலாம்."

மூன்று கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மீதி ஐந்து பேர் சாப்பாட்டைக் கொட்ட மனமில்லாமல் நானே சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரித் தராசில் அவளை நிறுத்தினேன், பிறகு வேடிக்கைக்கு நானும் ஏறினேன். அவளிடம் குறைந்தது அப்படியே என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டு மூன்று வாரம் இதே கதை. என் சட்டைப் பொத்தான் பூட்டவில்லை. அவள் வளையல் முழங்கை வரை ஏறியது.

கடைசியில் அவளே சொன்னாள். "சோறு தனியா, கீர தனியா, மீனு தனியா குடுங்க. எது எதுன்னாவது தெரியட்டும்."

அப்படியானால் மூன்று ஓட்டு. நடுநடுவே கிண்ணத்தைக் கழுவ வேண்டும். ஐந்து நிமிஷ வேலை அரைமணி நேரம் ஆனது. ஆனால் அவள் சாப்பிட்டாள். கீரையை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "உப்பு பத்தல" என்றாள். அந்த ஆண்டு முழுக்க என் காதில் விழுந்த ஒரே நல்ல செய்தி அது.

4. சாமிக்கண்ணுவுக்கு நான் எடுத்த வகுப்பு

மூன்று ஓட்டு என்றதும் மிஷின் திணறியது. ஓடும், நிற்கும், சூடேறும். நான் புத்தகம் பார்த்து, சிரம்பான் போய் ஒரு ஸ்டெபிலைசர் பெட்டி வாங்கி வந்து மாட்டினேன். முதல் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மிஷின் சிணுங்காமல் ஓடியது. மறுநாளும் அப்படியே. அதன் பிறகு அது திணறவே இல்லை.

கர்வம் தாங்கவில்லை. சாமிக்கண்ணு கால் சிரங்குக்கு மருந்து போட வந்தபோது அவரை உட்காரவைத்து வோல்டேஜ் என்றால் என்ன, அது ஏன் இறங்குகிறது, என் பெட்டி அதை எப்படித் தூக்கிப் பிடிக்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். வாழ்நாள் முழுக்க இஞ்சின் ஓட்டிய மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியா ஐயா" என்றார். பிறகு, "மருந்து எரியுது, கொஞ்சம் ஊதுங்க" என்றார்.

5. தராசு

எடை ஏறியது. நிறைய இல்லை. தராசு முள் ஒரு கோடு தள்ளி நின்றால் நான் அன்று முழுக்க நோயாளிகளிடம் நல்லபடியாகப் பேசினேன். மறுவாரம் முள் பழைய இடத்துக்கே வரும். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

குறித்த நாளில் சிரம்பான் போனோம். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு, எடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அறுக்க வேண்டாம் என்றார். வீட்டில் வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஸ்டெபிலைசர் வாங்கிய கதை வரை சொல்லத் தயாராகப் போயிருந்தேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் பாக்கியம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "ராத்திரிக்கு என்ன அரைக்கட்டும்?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒங்களுக்குப் புடிச்சத அரைங்க" என்றாள்.

அரைத்தேன். தினமும் ஆறரைக்கு, மூன்று ஓட்டு. அவள் ஒரு கரண்டி சாப்பிட்ட நாளிலும், தண்ணீர் மட்டும் இறங்கிய நாளிலும் ஆறு பேருக்குச் சமைத்து அரைத்தேன். மழை பிடித்த மாதத்தில் அவள் போனாள். அன்று சாயங்காலமும் ஆறரைக்கு என் கை மேசை வரை போய்விட்டது. வீட்டில் ஆட்கள் இருந்ததால் தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரித் திரும்பினேன்.

இளைய டிரெசர்களுக்கு இதில் பாடம் என்ன என்று கேட்டால், சின்ன ஜாடி உள்ள பிளெண்டர் வாங்குங்கள் என்பேன். உப்பைக் கேட்டுப் போடுங்கள் என்பேன். கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியபோது எனக்குத் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

6. கடைசி லயம்

வேலைக்குத் திரும்பிய அந்த வாரமே கடைசி லயத்தில் தனம் என்ற பெண்ணின் புருஷனுக்குக் காலில் கத்தி பட்டுவிட்டது. நடக்க முடியவில்லை என்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். பல்ப் வெளிச்சத்தில் அவர் காலைத் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி பாதியில் நிற்கும்போது விளக்கு அணைந்தது. வாசல் வழியாகப் பார்த்தேன். வரிசையில் இன்னும் மூன்று நான்கு வீடுகள் அணைந்தன.

"இஞ்சின் நின்னுடுச்சா?" என்றேன்.

"ஐயோ, மன்னிச்சிக்குங்க ஐயா!" தனத்தின் குரல் இருட்டில் கேட்டது. "ஆறரையாச்சா, கை பழக்கத்துல நாந்தான் அமத்திட்டேன்." விளக்கு மறுபடி எரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஆறரைக்கு ஏன் அணைக்கணும்?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் பாதி தைத்த காலைப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க மிஷின் ஓட்டுற நேரம்லா ஐயா. சாமிக்கண்ணு அண்ணன் வந்து, எல்லாம் லைட்ட அமத்தினாத்தான் அங்க ஓடும்னு சொன்னாரு."

என் ஸ்டெபிலைசர் பெட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போது விளங்கியது. ஒன்றும் செய்யவில்லை. இத்தனை மாதமாக பால்மர வெட்டுக்காட்டிலிருந்து களைத்து வந்த பத்துக் குடும்பம், சமைக்கிற நேரத்தில், பிள்ளைகள் பாடம் படிக்கிற நேரத்தில், மண்ணெண்ணெய் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. ஊசியைக் கீழே வைத்தேன்.

"தனம், எங்களுக்காக நீங்க எல்லாரும் இவ்வளவு…"

"ஒங்களுக்காகவா?" என்றார் படுத்திருந்த புருஷன். "நீங்க மிஷின நிறுத்துறப்போ கரண்டு எகிறும் ஐயா. டப்பு டப்புன்னு பல்பு வெடிச்சிடும். எங்க வீட்ல மட்டும் ரெண்டு போச்சு. அமத்தாம என்னா பண்றது?"

"நீங்க சும்மா இருங்க" என்று தனம் அவரை அடக்கினாள். பிறகு என்னிடம் சொன்னாள். "இவங்கெல்லாம் சண்டைக்கு வரத்தான் இருந்தாங்க ஐயா. பாக்கியம் அக்காதான் ஒரு நாள், நீங்க ஆஸ்பத்திரில இருக்கறப்போ, மெல்ல நடந்து வந்தாங்க. இந்தப் படியிலதான் ஒக்காந்தாங்க. எனக்குக் கஞ்சித் தண்ணி போதும்டி, அந்த மிஷின்ல வர்றது ஒன்னும் வாய்க்கு வெளங்கல. ஆனா அந்த மனுசன் சும்மா ஒக்காந்தா அழுதுடுவாரு, எதையாச்சும் அரைச்சிக்கிட்டு கெடக்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்குங்கன்னாங்க."