விரல் தண்டிக் கல்

கல்லைக் காதருகே பிடித்து, நகத்தால் சுண்டிப் பார்க்கிறார் சாதிகா. திருப்பிப் பிடித்து இன்னொரு முறை. அதில் என்ன தெரிகிறது என்று கேட்டால், "ஒண்ணுந் தெரியாது, பழகிப்போச்சு" என்பார். பிறகு அதை எக்ஸ்ரே பெட்டிக்குள் சுழல்தட்டில் நிறுத்திக் கதவைச் சாத்துவார்.

காளவாசலில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருக்கிறது அந்தக் கல் பரிசோதனைக் கூடம். தட்டு சுழல, பெட்டி படமெடுத்துக்கொண்டே இருக்கும். படங்களை அடுக்கிக் கணினி கல்லின் உட்புறத்தைக் காட்டும்: துளை, விரிசல், தண்ணீர் போகும் வழி. ஆனால் படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. விரல் தண்டிக் கல்லை, அதாவது விரல் பருமனுள்ள துண்டை, வைத்தால் அத்தனை புள்ளிகளும் நெருங்கி நின்று ஊசிமுனைத் துளையைக்கூடக் காட்டிவிடும். கைத் தண்டிக் கல்லை வைத்தால் அதே புள்ளிகள் அகன்று பரவும். நுண்துளைகள் மங்கி மறையும்.

"நுணுக்கம் வேணுமா, முழுசு வேணுமா? மொதல்ல அதச் சொல்லுங்க" என்று வருகிறவர்களிடம் கேட்பார். இரண்டும் வேண்டும் என்பார்கள். "அம்புட்டு ஆசை ஆகாது."

காஜிமார் தெருவில் உறவுக்காரர்களுக்கு அவர் எக்ஸ்ரே எடுப்பவர், அவ்வளவுதான். முட்டிவலியோடு வந்த மாமி ஒருவரிடம், "வெட்டிக் கொண்டாங்க மாமி, விரல் தண்டி இருந்தாப் போதும்" என்று சிரிக்காமல் சொன்னார். சேலைக் கடையில் முழுச் சேலையையும் விரிக்கச் சொல்லி நாலடி தள்ளி நின்று பார்ப்பார். அப்புறம் கண்ணோடு ஒட்டிப் பிடித்து இழையைப் பார்ப்பார். "வாங்குறீகளாக்கா, படம் புடிக்கிறீகளா?" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்வார்.

இந்தக் கோடையில் மேலூர்ப் பக்கம், கைவிட்ட கல்குவாரி ஒன்றின் குழியில் சாயக் கழிவுநீரைத் தேக்க ஒரு கம்பெனி இடம் பார்த்தது. பாறை நீரைக் கசியவிடாது என்று சான்று வேண்டும். பாறையைத் துளையிட்டுக் கல் எடுத்த அன்று சாதிகாவும் போயிருந்தார். குழிக்குக் கூப்பிடு தூரத்தில் ஊரின் குடிதண்ணீர்க் கிணறு. இறைத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி என்ற பெண் செம்பை நீட்டினார். "குடிச்சுப் பாருங்க. கேன் தண்ணியெல்லாம் இதுகிட்ட நிக்குமா?"

கைத் தண்டியில் ஒரு நீண்ட உருளையாகக் கல் வந்து சேர்ந்தது. அதிலிருந்து விரல் தண்டியில் ஒரு துண்டு வெட்டிப் படமெடுத்தார்கள். அழகான படம். கல்லின் பொடிமணிகள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக் கிடந்தன. துளை என்று சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கையில் சாதிகா கையெழுத்துப் போட்டார். அது உறைக்குள் போய்க் கூடத்தின் முதலாளி லூர்துராஜின் மேசையில் கிடந்தது. வாங்கிப்போகக் கம்பெனி டிரைவர் வாசலில் நின்றான்.

கை கழுவப் போன இடத்தில், ரம்பத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கல் வெட்டும் பேச்சிமுத்துவிடம் சும்மா கேட்டார்.

"ஒரே வெட்டுல வந்துருச்சா பேச்சி?"

"நல்லா வந்துச்சு போங்க! ரெண்டு தடவ சில்லுச் சில்லா ஒடஞ்சு போச்சுக்கா. தள்ளி நல்ல எடமாப் பாத்து வெட்டுனேன். ஒடஞ்சதக் குடுத்தா நீங்கதான ஏசுவீக?"

சாதிகா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஏசியதும் உண்மை. எங்கும் நடக்கிற வழக்கமும் இதுதான். உடைகிற இடத்தை விட்டுவிட்டு நிற்கிற இடத்தை வெட்டுவார்கள். பாறையின் கெட்ட பக்கம் பெட்டிக்குள் வருவதே இல்லை.

குப்பைக் குவியலருகே வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கினார். ரம்பத்தில் உடைந்த முகம் என்றால் புதிதாக, வெள்ளையாக மினுங்க வேண்டும். இரண்டு சில்லுகளின் முகம் துருப்பழுப்பு. தண்ணீர் நெடுங்காலம் நடந்த தடம்.

சில்லுகளை மிச்ச உருளையோடு பொருத்தி, ரப்பர் பேண்டு போட்டு, முழுசாகப் பெட்டிக்குள் நிறுத்தினார்.

"இதுல என்ன மேடம் தெரியப்போவுது? புள்ளி பெருசாகிக் கட்டம் கட்டமாத்தான் நிக்கும்" என்றார் லூர்துராஜ். அப்படித்தான் வந்தது. நுண்துளை ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் விரிசலின் கறுப்புக் கோடு ஒன்று, சில்லைப் பொருத்திய இடத்தோடு நிற்காமல், உடையாத கல்லுக்குள்ளும் இறங்கி மறு ஓரம் வரை போயிருந்தது.

லூர்துராஜ் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"நாம எழுதுனதுல தப்பு இல்லைல்ல?"

"இல்ல சார். அந்த விரல் தண்டிக் கல்லப் பத்தி எழுதுனது அம்புட்டும் சரி."

"காலையில இருந்து டிரைவர் நிக்கிறான். இனிமே நம்ம பக்கம் வருவாகளா மேடம்?"

சாதிகா பெட்டிக் கதவைத் திறந்தார். கல்லை வெளியே எடுத்து ரப்பர் பேண்டைக் கழற்றினார். சில்லு கையோடு பிரிந்து வந்தது. பழுப்பு முகம் மேலே தெரிய, அதை மேசையில் கிடந்த அறிக்கை உறையின்மேல் வைத்தார்.