இருபத்தேழாம் நம்பரில் பேசியது யார்

என் மகள் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், "எந்த அட்ரஸ்லேர்ந்து எங்க மெஷினுக்குள்ள திருட்டுத்தனமா நுழையப் பாக்கறாங்கன்னு கண்டுபுடிச்சி லிஸ்ட் எடுக்கறேம்ப்பா" என்கிறாள். உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத வேலையைப் பார்ப்பதுபோல் ஒரு பீற்றல் வேறு. அட போம்மா, இதை எண்பத்து நாலிலேயே நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு எங்கள் மிக்கேலம்மாள் அக்கா செய்துவிட்டார் என்றால் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அக்காவைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டாள்.

நான் முனிராஜ். டெலிபோன் இலாகாவில் லைன்மேனாக இருந்தவன். மொரப்பூர் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் பதினோரு வருஷம் வேலை. ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டு வீட்டில் இரண்டு அறை. முன் அறையில் ஒரு பலகை, அதில் நாற்பத்தெட்டு நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் விரல் அகலத்தில் ஒரு பித்தளை மூடி. கடையிலோ வீட்டிலோ ஒருவர் போனின் கைப்பிடியைச் சுற்றினால், இங்கே அவருடைய மூடி 'டக்'கென்று கீழே விழும். அக்கா ஒயரைச் செருகி, "சொல்லுங்க, யாரு வேணும்?" என்பார். அவ்வளவுதான் ஊரின் மொத்த டெலிபோனும்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம், மானாவாரி நிலம். கல்யாணமே வேண்டாமென்று ஆத்தாவோடு இருந்துவிட்டவர். நாலு மைல் நடந்து வருவார், வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தால் கொள்ளுப் பருப்பு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். எனக்கு ஒரு பங்கு எப்போதும் உண்டு. கூடவே ஒரு குத்தலும் உண்டு. "என்னுங்க தம்பி, கம்பத்துல ஏறறதுக்கு முன்னாடி கடையில எறங்கிட்டு வந்துட்டீங்களா?" என்பார். சாராயக் கடையைத்தான் சொல்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆனால் கொள்ளுப் பருப்பை விட மனசு வராது.

மூடி துடிக்கிற துடிப்பைப் பார்த்தே சுற்றுவது யார் என்று சொல்லிவிடுவார். "இது மளிகைக் கடைக்காரரு, கஞ்சத்தனமாச் சுத்துறாரு பாருங்க." செருகினால் மளிகைக் கடைக்காரர்தான். அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் என் மூஞ்சியில் ஒரு சிரிப்பு வருகிறது.

அந்த அக்காதான் ஒரு பெரிய தப்பும் செய்தார்.

பதினாலாம் நம்பர் சேலத்திலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் யாரோ குரலை மாற்றிக்கொண்டு கூப்பிட்டு, காது கொடுத்துக் கேட்க முடியாத அசிங்கத்தைப் பேசிவிட்டு வைத்துவிடுகிறான். ஒரு நாள் டாக்டரம்மா நேரே எக்ஸ்சேஞ்சுக்கே வந்து அழுதுவிட்டார். யார் யாரோடு பேசினார்கள் என்பதை ஆபரேட்டர் வெளியே சொல்லக் கூடாது, எழுதி ஆபீசருக்குத்தான் அனுப்ப வேண்டும். சட்டம் அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு பெண் எதிரே நின்று அழுகிறாளே! "இருபத்தேழுலேர்ந்து வருதுங்க. என் கண்ணு முன்னாலதான் மூடி விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

இருபத்தேழு, ஊருக்கு இரண்டு மைல் வெளியே பெரியண்ணன் என்பவருடைய எண்ணெய் மில். மத்தியானத்தில் முதலாளி சாப்பிடப் போய்விடுவார். ஆபீசில் இருப்பது கிளார்க் இன்னாசிராஜ் ஒருவர்தான். டாக்டரம்மாவின் புகாரில் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, கன்னம் வீங்க அனுப்பியது. மறுநாள் பெரியண்ணன் மில்லுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதைவிடப் பெரிய அடி வேறு. இன்னாசிராஜுக்கு ஏரியூர்ப் பக்கம் யாகப்பன் என்கிற விவசாயியின் மகள் ஆரோக்கியம்மாளோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்களுடைய மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாமியார் சபையில் கேட்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலையன்று சபை நடுவில் எழுந்து தடை சொல்லப் போவதாக யாகப்பன் சொல்லிவிட்டார். அப்படி ஒரு தடை விழுந்தால், முப்பத்தோரு வயது ஆளுக்கு அந்த வட்டாரத்தில் அப்புறம் எவன் பெண் கொடுப்பான்?

இன்னாசிராஜ் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "எங்க மணி லேசா கிணுகிணுன்னு அடிக்குதுங்க. எடுத்தா யாரோ பேசிட்டிருக்காங்க. லைன் கலந்துடுச்சின்னு வெச்சுட்டேன்." எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் தம்பி, ஒருத்தரோட கம்பியில நடுவழியில வேற போனை மாட்டிச் சுத்துனா, இங்க அவரு மூடிதான விழும்?"

"ஆமாங்கக்கா."

"அவரு வூட்டு மணியும் லேசா அடிக்குமில்ல?"

"அடிக்கும்."

அது எந்தப் போனாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கம்பத்தில் மாட்டிப் பேசிப் பார்க்க எங்களுக்கு ஒரு கையடக்க டெஸ்ட் போன் கொடுப்பார்கள், தோல் பையோடு. என்னுடையது ஒரு மாதத்துக்கு முன்பு சாராயக் கடை வாசலில் சைக்கிளோடு நின்றபோது காணாமல் போயிருந்தது. சர்க்கார் சாமான். சொன்னால் வேலைக்கே உலை. வீட்டில் இரண்டு குழந்தைகள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று புளுகிக்கொண்டிருந்தேன்.

அக்கா நோட்டைத் திறந்தார். பதினாலுக்கு வந்த ஒவ்வொரு கூப்பாடும் தேதி, மணி, நிமிஷத்தோடு இருந்தது. ஓரத்தில், பேச்சுக்குப் பின்னால் கேட்ட சத்தம். மூன்று இடத்தில் 'ரயில், ரொம்பக் கிட்ட' என்று எழுதியிருந்தார். மில்லில் உட்கார்ந்தால் ரயில் சத்தம் கேட்காது. மில்லுக்குப் போகிற கம்பி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் பாதையைத் தொட்டுக்கொண்டு போகிறது.

"நான் மூடியைத்தான் பாத்தேன் தம்பி, ஆளையா பாத்தேன்?" என்றார். அத்தனை வருஷத்தில் அக்கா கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இன்னாசிராஜ் மாட்டிக்கொண்ட பிறகு அந்தத் திருட்டுப் பயலுக்குத் துளிர்விட்டுப் போயிருந்தது. வெள்ளிக்கிழமை கட்டாயம் பேசுவான் என்று அக்கா கணக்குப் போட்டார். அன்று இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை இன்னாசிராஜைத் தன் எதிரிலேயே உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லிச் சாமியாரைக் கேட்டுக்கொண்டார். என்னை ரயில்வே கேட்டுக்கு அனுப்பினார். அவர் பலகை முன்னால் உட்கார்ந்தார்.

மூன்று மணி சுமாருக்கு வேலிக்காத்தான் புதருக்குள் ஆளைப் பார்த்தேன். மருந்து திருடியதற்காக டாக்டரம்மா வேலையை விட்டு நீக்கிய கம்பவுண்டர் கிருஷ்ணப்பன்! மூங்கில் கழியில் ஒயரைக் கட்டிக் கம்பியில் கொக்கி போட்டிருக்கிறான். மடியில் என் டெஸ்ட் போன். பேசி முடிக்கிற வரைக்கும் கூட நான் பொறுக்கவில்லை. சட்டையைப் பிடித்து விட்டேன் இரண்டு.

அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். இவனை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனால் போன் யாருடையது என்று கேட்பார்கள். எங்கே தொலைந்தது, எப்போது தொலைந்தது, ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டேன். "இந்த ஊர்ப் பக்கம் தலை வெச்சுப் படுத்தே, தொலைச்சுப்புடுவேன். ஓடுடா!" என்றேன். அவன் ஓடினான். அத்தோடு ஊரை விட்டே போய்விட்டான்.

எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, "நான் போறதுக்குள்ள ஓடிட்டான்க்கா. மூஞ்சி தெரியல" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "அப்படிங்களா" என்றார். பலகை பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கோவில் வாசலில் போய் நின்றுகொண்டேன். பூசை நடுவில் சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டதும் ஆண்கள் பக்கத்திலிருந்து யாகப்பன் எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அக்கா எழுந்துவிட்டார். அந்தக் கோவிலில் பூசை நடுவில் ஒரு பொம்பளை எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை.

"சாமி, இவரு பேரைச் சொன்னது நான்தானுங்க. வெளிய சொல்லக் கூடாததைச் சொன்னேன், அதுவும் தப்பாச் சொன்னேன். முந்தாநாளு இவரு உங்க எதிர்ல உக்காந்திருக்கறப்ப அதே மூடி விழுந்துச்சு, அதே ஆளு பேசுனான். நடுவழியில கம்பியில மாட்டி எவனோ பேசறான். இவரு மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என்னுது."

யாகப்பன் விடவில்லை. "அப்ப பேசுனது யாரும்மா?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

எனக்குத் தெரியும். நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் ஓரடி எடுத்து வைக்கவில்லை.

சாமியார் தலையசைத்து, அன்று இன்னாசிராஜ் தன் எதிரில்தான் இருந்தார் என்றார். யாகப்பன் உட்கார்ந்தார். அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. நானும் போய் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன், வெட்கங்கெட்டவன்.

இருநூறு பேர் முன்னால் ஒப்புக்கொண்டதை யாரோ மொட்டைக் கடுதாசியாக எழுதிப் போட்டுவிட்டார்கள். ரகசியத்தை வெளியே சொன்னதற்காக அக்காவை ராமநாதபுரம் பக்கம் மாற்றினார்கள். வயதான ஆத்தாவைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. கடைசி நாள் மத்தியானம் கொள்ளுப் பருப்பை எனக்கு வழக்கம்போல் பங்கு வைத்தார். அன்றைக்கு ஆபீசரும் வந்திருந்தார், பொறுப்பை மாற்றிக் கொடுக்க.

"போன் கெடச்சிடுச்சில்ல தம்பி?" என்றார் அக்கா, சாப்பிட்டுக்கொண்டே.

"உங்களுக்கு எப்படிக்கா…"

"அன்னிக்கே சைக்கிள்ல தொங்குச்சே. ஒரு மாசமா இல்லாதது."

"அப்புறம் ஏங்க்கா கோவில்ல சொல்லல?"

"ஒருத்தர் பேரைச் சொல்லி நான் பட்டது போதாதுங்களா? மறுபடியும் இன்னொருத்தர் பேரா? சொல்றதா இருந்தா நீங்கதான் சொல்லணும். ஆபீசரு உள்ளதான் இருக்கறாரு, போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல்தான் சொன்னார். ஆபீசர் அடுத்த அறையில் இருந்தார். பத்தடி தூரம். நான் போகவில்லை.